தார் தீரும் வரை பேசலாம்

1

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னால் போட்ட பந்தலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆளை விட்டுவிட்டான் என்று ஊரில் யாரும் பிற்பாடு குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

மேடைக்கு வலது பக்கம் புலவர் மாணிக்கம், சேலத்திலிருந்து மோட்டாரில் வந்திறங்கியவர். இந்த உலகத்தை யோசித்துப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று பேச வந்தவர். இடது பக்கம் பழனிவேலு, எங்கள் அத்தை மகன், எனக்கு மச்சான். அப்படி ஒருவனும் இல்லை என்று பேச இருந்தவர். நடுவில் நாற்காலி போட்டு நடுவர், நூல்கடை அங்கப்பன். அவருக்கு எதிரே பெஞ்சியில் என் அய்யன், அதாவது அப்பா. கையில் சேகண்டி மணியோடு பந்தல்காரர் காளியப்பன். வாசலுக்கு உள்ளே, குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த நான். என் முதுகுப் பக்கம் சுவரோரமாகத் தார்க்கூடையை வைத்துக்கொண்டு என் தங்கை செல்லம்மா. அவளைத்தான் பழனிவேலு மச்சானுக்குப் பேசி வைத்திருந்தது. மற்றபடி தெரு நிறையக் குமாரபாளையத்து நெசவாளிகள், ஆத்துக்கு அக்கரை பவானியிலிருந்து பரிசலில் வந்த மச்சானின் கூட்டாளிகள், ஒரு முறுக்குக்காரி.

கடவுளை நான் சேர்க்கவில்லை. அவர் இருந்தாரா இல்லையா என்பதுதான் அன்றைக்குப் பேச்சே.

2

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், ஏழெட்டு மாசத்துக்கு முன்னால் என் மகன் சண்முகம் ஒரு கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். இங்கே பினாங்கில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அங்கே அவனுக்குச் சாம் என்று பெயர். நான் ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று சண்முகம் இருக்கிறானா என்று கேட்டதற்கு, காவல்காரர் அப்படி ஒரு பையனே இல்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளையைக் காணோம் என்று போலீசுக்குப் போக இருந்தேன்.

கோப்பை எதற்கடா என்றேன். பேச்சுப் போட்டியாம். உலகம் தானாக வந்ததா, ஒருவர் செய்ததா என்று தலைப்பாம். தானாக வந்தது என்று பேசி ஜெயித்தானாம்.

“நீ தினமும் தண்ணீர்மலைக்கோயிலைத் தாண்டும்போது கும்பிடுகிறவனாயிற்றே” என்றேன்.

“அதுக்கும் இதுக்கும் என்னப்பா? காசு சுண்டிப் போட்டாங்க. எனக்கு இந்தப் பக்கம் விழுந்தது.”

“மற்ற பக்கம் விழுந்திருந்தால்?”

“அதையும் பேசியிருப்பேன். அதுதான் ஃபேர்.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பாததைப் பேசி ஜெயிப்பது பொய்யில் சேருமா, சேராதா? மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இதற்கெல்லாம் விடை தெரியாது. ஆனால் கவலைப்பட மட்டும் எந்தப் படிப்பும் வேண்டியதில்லையே. எங்கள் ஊரிலும் இதே வாதம் நடந்தது, நான்தான் நேரம் பார்த்தேன் என்று அவனிடம் சொன்னேன். கடிகாரத்திலா என்றான். இல்லை, தறியில், தார் தீர்ந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்றேன்.

“ரோட்டுக்கு ஊத்துற தாரா?”

எங்கள் பரம்பரையே தார் சுற்றிச் சாப்பிட்டது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற சின்னக் குச்சி, அதில் ராட்டையால் சுற்றிய நூல்தான் தார், அது ஓடித் தீர்ந்தால் அடுத்த தார் போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். பாதி கேட்டுக்கொண்டே பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கேட்காத மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

3

அப்போதெல்லாம் காலை வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நீட்டிவிடுவோம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் விறைத்து நிற்கும். பாவுக்குப் போட்ட கஞ்சி வாசம் தெருவெல்லாம் வரும். இங்கே சீனன் கடையில் அரிசிக்கஞ்சி கொதித்தால் இப்போதும் எனக்குப் பசி எடுப்பதில்லை, பாவு காய்கிறதே, மழை வந்துவிடுமோ என்றுதான் பதைக்கிறது.

அப்படிப் பாவுக்கு இந்தப் பக்கம் அய்யனும் அந்தப் பக்கம் மச்சானும் நின்றுகொண்டுதான் கல்யாணச் சண்டையே போட்டார்கள்.

“ஐயரு வந்து ஓமம் வளத்தாத்தான் என்ற புள்ள கழுத்துல தாலி ஏறும்.”

“பொகை மூட்டுற கல்யாணத்துல நான் உக்காரமாட்டனுங்க மாமா.”

“உக்காராட்டி நின்னுட்டே ஊடு போய்ச் சேரு. கடவுள் இல்லீங்கறவனுக்குப் பேரு பழனிவேலு!”

“பேரு வெச்சது நீங்கதானுங்க. என்னைக் கேட்டா வெச்சீங்க?”

மச்சான் பேச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எடுத்த எடுப்பில் நியாயமாகப் பேசுவார். நடுவில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பேசிக்கொண்டே போனால் கடைசியில் எதிராளியின் மூஞ்சியில் அடித்தாற்போல் ஒரு சொல் வந்து விழும். அன்றைக்கும் விழுந்தது. “உங்க சாமிக்கு நீங்க தர்ற காசை அத்தைக்கு வைத்தியத்துக்குத் தந்திருந்தா அத்தை இருந்திருப்பாங்க.” என் அம்மா இறந்து அப்போது வருசம் திரும்பவில்லை. அய்யன் பாவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கல்யாணப் பேச்சும் அத்தோடு நின்றது.

செல்லம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள்.

“ஐயரு வந்தாலுஞ் செரிங்கண்ணா, வராட்டியுஞ் செரி. மாப்பளை வந்தாப் போதும்.”

நூல்கடை அங்கப்பன்தான் வழி சொன்னார். இரண்டு பக்கமும் ஊர் முன்னால் பேசட்டும். ஜெயித்தவர் சொல்கிறபடி கல்யாணம். தோற்றவர் தலையில் பந்தல் கூலி. அய்யனுக்குப் பேச வராது என்பதால் அவருக்காகப் புலவர் வருவார். நேரத்துக்கு என் கடியாரம் இருக்கிறது என்று அங்கப்பன் இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தப் பையிலதானுங்க கோயில் உண்டியல் சாவியும் இருக்குது. எனக்கு நேரம் ஓடும், புலவருக்கு நேரம் நடக்கும்.”

“அப்ப சூரியனைப் பாத்தா மணி அடிக்கறது?”

“தறி இருக்குதுங்களே. ஆளுக்கு மூணு தாரு. தறிக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

குழித்தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் பந்தலை எங்கள் வாசலிலேயே போட்டார்கள். இழை அறுந்தால் அதை முடிச்சுப் போட்டுத் தீரும் வரை பேச்சும் நிற்க வேண்டும், தார் தீர்ந்து நான் கையைத் தூக்கினால் காளியப்பன் சேகண்டி அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தறியில் யார் உட்காருவது என்று வந்தபோது, “குப்புசாமி உக்காரட்டும். அவனுக்கு ரெண்டு பக்கமும் பயம்” என்று என்னைக் காட்டினார் அங்கப்பன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது நிசம்.

4

எனக்கு அதற்கு முன்னால் நாலு நாளாகத் தூக்கமில்லை. தறிக்குப் பொய் சொல்லத் தெரியாதுதான். என் கைக்குத் தெரியுமே. நல்ல பேச்சைக் கேட்டால் என் கை தானாக மெதுவாகிவிடும். கோபம் வந்தால் வேகமாகிவிடும். மச்சான் பேசும்போது மெதுவானால் மச்சானுக்கு நேரம் கூடும், அய்யன் முகத்தில் விழிக்க முடியாது. வேகமானால் மச்சான் தோற்பார், தங்கச்சி வாழ்க்கை என்னாவது? யோசித்து யோசித்து, கடைசியில் கழிவுப் பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, அந்த வாதத்தில் எல்லோரையும் விட நியாயமாக நடந்துகொண்டவன் நான்தான். அதில் ஒரு வார்த்தை கூடக் கேட்காதவனும் நான்தான்.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புலவர் ஒரு சேலையை உதறி முந்தானையை விரித்துக் காட்டினார். தெருவே கை தட்டியது. கைகள் தெரிந்தன, சத்தம் இல்லை. மச்சான் எழுந்து அதே சேலையை வாங்கி, ஒரு ஓரத்தை வெயிலில் பிடித்துக் காட்டினார். பவானிக் கூட்டம் வாயில் விரலை வைத்தது. விசில் என்று புரிந்துகொண்டேன். புலவர் கண்ணை மூடிக் கையை மேலே தூக்கிய நேரத்தில் எனக்கு இழை அறுந்தது. கையைக் காட்டினேன். அவர் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். நான் முடிச்சுப் போட்டு முடிக்கும் வரை நின்றார். எனக்கோ முடிச்சு சட்டென்று விழவில்லை. தெருவே குலுங்கிச் சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பேசியது என்னவென்று பிற்பாடு விசாரித்தேன். அய்யன் சொன்னது இது: “இந்தப் பூப்போட்ட முந்தானையைக் காத்தா நெய்தது, யோசிச்சு ஒருத்தன்தான நெய்தான், அப்ப மயில் தோகையை நெய்தவன் எங்கேன்னு புலவர் கேட்டாரு. உன்ற மச்சான் வாயடைச்சுப் போனான்.” பவானிக் கூட்டாளி ஒருவர் சொன்னது இது: “சேலையை நெய்தவன் வீடு எனக்குத் தெரியும், கூலியும் தெரியும், இந்த ஓரத்துல ரெண்டு இழை விட்டுப்போயிருக்குதே அதுக்கு அவனைத் திட்டவும் செய்வேன், வாந்திபேதி வந்தப்போ நான் யாரைத் திட்டறதுன்னு பழனிவேலு கேட்டாரு. புலவரு தண்ணி கேட்டுக் குடிச்சாரு.” இரண்டு பேரும் ஒரே பந்தலில் இருந்தவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

இத்தனை வருசம் கழித்து எனக்குத் தோன்றுவது இதுதான். நேரத்தைச் சமமாகப் பங்கு போட்டோம். மற்றதைப் போட்டோமா? நெசவாளித் தெருவில் வந்து கடவுளும் ஒரு நெசவாளி என்று சொன்னால் யாருக்குத்தான் உள்ளம் குளிராது? அது புலவருக்கு அனுகூலம். நடுவரிடம் நூல் கடன் வாங்காத வீடு அந்தத் தெருவில் இல்லை. அவர் தலையாட்டினால் தெரு தலையாட்டும். அது அய்யனுக்கு அனுகூலம். மச்சானுக்கும் ஒன்று இருந்தது. யாரைத் திட்டுவது என்று கேட்க அரைத் தார் போதும், அதற்குப் பதில் சொல்ல ஒரு முழுப் பாவு வேண்டும். பிள்ளையை வாந்திபேதிக்குக் கொடுத்தவர்கள் பந்தலில் இருக்கும்போது புலவர் மூன்று தாரில் என்னத்தைச் சொல்லுவார்? இதெல்லாம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கடியாரம் யார் பையில் இருக்கிறது என்பதோடு எங்கள் சண்டை முடிந்துவிட்டது.

மச்சானின் கடைசி முறை. மூன்றாவது தார். அவர் புலவரை விட்டுவிட்டு அய்யன் பக்கம் திரும்பினார். விரலை நீட்டினார். அந்த விரலை எனக்குத் தெரியும். பாவுக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டிய அதே விரல். அவர் வாய் திறந்தது.

நாடாவில் நூல் இல்லை. கையைத் தூக்கினேன். காளியப்பன் சேகண்டி அடித்தார். பஞ்சையும் மீறி எனக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதான். மச்சான் திறந்த வாயோடு அங்கப்பனைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். அவரே சொன்ன ஏற்பாடு. நீட்டிய விரலை என்ன செய்வது என்று தெரியாமல் மற்ற கையோடு சேர்த்துக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அய்யன் கண் கலங்கிவிட்டது. மருமகன் ஊர் முன்னால் தன்னைக் கும்பிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

5

அங்கப்பன் எழுந்து, இரண்டு பேரும் நன்றாகப் பேசினார்கள், தீர்ப்பை யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். யோசித்துக்கொண்டே இருந்து போன உலகச் சண்டையின்போது போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் கல்யாணம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அய்யனே மச்சான் வீட்டுக்குப் போனார். கூட நானும் போனேன்.

“ஐயரு வேண்டாம் சாமி. ஆனாக் கோயில் வாசல்ல நடக்கோணும். அதுக்கு மேல என்னால எறங்க முடியாது.”

“கோயில் வாசல் ரோட்டுல இருக்குதுங்க மாமா. ரோடு மேல எனக்கென்ன கோவம்?”

அப்படியே நடந்தது. அய்யன் கிழக்கே பார்த்துக் கோயிலைக் கும்பிட்டார். மச்சான் மேற்கே பார்த்துக்கொண்டு ஆற்றில் தண்ணி நிறைய வருகிறது என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். செல்லம்மா இரண்டு பேரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. கடைசித் தார் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. நெய்கிறவன் கைக்கு அது தெரியும். பயத்தில் என் கை வேகமாக ஓடிவிட்டதோ, மச்சானுக்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்று அரிக்க ஆரம்பித்தது. மறுவீட்டுக்கு வந்த செல்லம்மாவிடம் கேட்டேன்.

“உங்க கையி செரியாத்தாங்கண்ணா ஓடுச்சு. தாருல நூலே கம்மி.”

“எப்புடிக் கம்மியாகும்? சுத்தினது நீதான?”

“நாந்தான். அவரு கடைசிலதான வாய உடுவாரு. அது வாரதுக்குள்ள தாரு தீந்து போகோணும்னு கடைசித் தாரை மட்டும் எளைப்பாச் சுத்தி வெச்சேன்.”

“அடிப்பாவி, உன்ற மாப்பளைக்கே நேரத்தைக் கொறைச்சயா? ஊரெல்லாம் நீ அவருக்குக் கூடுதலாச் சுத்தியிருப்பேன்னுதான் கூடையை எட்டி எட்டிப் பாத்துது.”

“பாக்கட்டும். கூடுதலாச் சுத்தியிருந்தா அவரு அய்யன் மூஞ்சில அடிச்சுச் செயிச்சிருப்பாரு. நான் இப்ப இங்க ராட்டை சுத்திட்டு உக்காந்திருப்பேன்.”

நியாயமா இது என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “பேசறதுக்கு ரெண்டு பேரு, தீர்ப்புச் சொல்ல ஒருத்தரு, மணி அடிக்க ஒருத்தரு. இத்தனை பேருக்கு எடங் குடுத்தீங்க. எனக்கு ஒரு தாரு குடுத்தா ஆகாதா?”

இதை எழுதலாமா என்று அவளுக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். எழுதுங்கள், மச்சானுக்கு நானே சொல்லிவிட்டேன் என்று பதில் போட்டாள். கேட்டதும் அவர் ஒரு வாரம் பேசவே இல்லையாம். அத்தனை நாள் வீடு அமைதியாக இருந்ததில்லை என்று எழுதியிருந்தாள்.

6

மிச்சம் இருப்பது காளியப்பன். தோற்றவர் பந்தல் கூலி தர வேண்டும் என்றுதான் பேச்சு. தோற்றவர் யார்? அய்யனிடம் கேட்டால் “புலவர் தோக்கலை” என்பார். மச்சானிடம் கேட்டால் “தோத்தவங்களைக் கேளுங்க” என்பார். யார் மடியை அவிழ்த்துக் கூலி கொடுக்கிறாரோ அவர் தோற்றவராகிவிடுவார். நான் கப்பல் ஏறும்போதும் அந்தப் பாக்கி நின்றது. எந்தப் பக்கமும் சேராமல் சேகண்டி அடித்தவர் அவர் ஒருவர்தான். நஷ்டம் முழுக்க அவருக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் பினாங்கு வந்தும் அரித்துக்கொண்டே இருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் தபால் நின்றுபோனது. மறுபடி தபால் திறந்ததும் வந்த முதல் கடிதத்தில் அய்யன் இறந்து வெகுநாள் ஆயிற்று என்று இருந்தது. இங்கே ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டே படித்தேன். ஒரு சீனத்தி வந்து சாரோங் விலை கேட்டாள், சொன்னேன். என்ன விலை சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்கப்புறம்தான் பணத்தை நானே கட்டிவிடலாம் என்று தபாலாபீசுக்குப் போனேன். மணியார்டர் ஜன்னலில் யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் ஒருவர். என் பேச்சு அவருக்குப் பாதி விளங்காது, அவர் பேச்சு எனக்குப் பாதி விளங்காது, இரண்டும் தமிழ்தான்.

“என்னத்துக்கு உந்தக் காசு? கடனோ, அன்பளிப்போ?”

“ரெண்டும் இல்லீங்க. கடவுள் இருக்கிறாரா இல்லையான்னு ஊர்ல ஒரு வாதம்…”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப தோத்தது ஆர்?”

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் பணம் கட்டினால் அய்யன் மகன் கட்டியதாக ஆகும், அய்யன் தோற்றதாக ஆகும் என்பது அந்த ஜன்னலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மணியார்டர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சானுக்கு எழுதினேன். நீங்களாவது கட்டிவிடுங்கள், இப்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று. அவர் பதில் இப்படி இருந்தது: “நான் கட்டினால் மாமா ஜெயித்தார் என்று ஆகும், அதைக் கேட்டுச் சந்தோசப்பட அவர் இல்லை. நீங்கள் கட்டினால் அவர் தோற்றார் என்று ஆகும், இல்லை என்று சண்டைக்கு வரவும் அவர் இல்லை. எதிராளி இல்லாத நேரத்தில் முடிவு கட்டுவது நியாயமில்லை. வாதம் இன்னும் முடியவில்லை என்றே இருக்கட்டும்.” அந்தக் கடிதத்தில் அவர் கடைசி வரி வரையில் யாரையும் திட்டவில்லை. தாள் தீர்ந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். இடம் நிறைய இருந்தது.

சண்முகத்தை உட்கார வைத்துக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். காசு சுண்டிப் போட்ட பையன், கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “தாத்தா பக்கம் யாராவது பேசணும்னா நான் பேசறேம்ப்பா” என்றான். அய்யனை அவன் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

ஆனாலும் காளியப்பனை நினைத்தால் மனசு கேட்கவில்லை. கடையிலிருந்து நல்ல வேட்டி ஒன்று எடுத்து, இது அன்பளிப்பு, வாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி அனுப்பினேன். யாரிடமோ எழுதி வாங்கி ஒரு கார்டு போட்டிருந்தார். “தம்பி குப்புசாமிக்கு. வேட்டி வந்து சேர்ந்தது. கரை நன்றாக இருக்கிறது. பந்தல் கூலி பாக்கி அப்படியே நிற்கிறது. ஏழு ரூபாய் எட்டணா.”